ஒரு மீட்டர் அகலம், 140 கிலோமீட்டர் வேகம்

பந்திங்கில் ரயில் நிலையம் கிடையாது. கோல லங்காட் வட்டாரத்து மாணவர் ஒருவர் நெடுந்தூர ரயிலில் ஏற வேண்டுமானால், முதலில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிள்ளானுக்குப் பஸ்ஸிலோ காரிலோ போக வேண்டும். அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரம் போல உட்கார்ந்து கேஎல் செண்ட்ரலை அடைய வேண்டும். அதற்குப் பிறகுதான் உண்மையான பயணம் தொடங்கும். இவ்வளவு தூரம் சுற்றுவதற்குப் பதிலாக நேரே விரைவு பஸ்ஸில் ஏறிவிடலாமே என்றுதான் நம் பக்கத்துக் குடும்பங்கள் பல காலமாக முடிவெடுத்து வந்திருக்கின்றன.

அந்தக் கணக்கு இப்போது மாறியிருக்கிறது. 2025 டிசம்பர் 12 முதல் கேஎல் செண்ட்ரலிலிருந்து ஜோகூர் பாரு செண்ட்ரல் வரை இடிஎஸ் எனப்படும் மின்சார ரயில் நேரடியாக ஓடுகிறது. முன்பெல்லாம் கெமாஸில் இறங்கி டீசல் ரயிலுக்கு மாற வேண்டும். இரண்டு ரயிலும் சேர்த்து ஏழு மணி நேரம் போய்விடும். இப்போது நாலரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. வடக்கே தாய்லாந்து எல்லையில் இருக்கும் பாடாங் பெசாரிலிருந்து தெற்கே ஜோகூர் நீரிணை வரை தீபகற்பத்தின் மேற்குக் கரை முழுவதும் மின்கம்பியின் கீழ் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் போகப்போகும் அண்ணன் அக்காமார்களுக்கும், நாளை போகப்போகும் உங்களுக்கும் இது சின்னச் செய்தி அல்ல. நம் நாட்டுச் சாலைகளில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, ஏறி உட்கார்ந்தால் என்னென்ன நடக்கும்? சிலவற்றைக் கண்ணால் பார்ப்பீர்கள், சிலவற்றைக் காதால் கேட்பீர்கள், சிலவற்றைக் காதுக்குள்ளேயே உணர்வீர்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் உங்கள் படிவம் 4, 5 இயற்பியல் பாடத்தின் ஒரு பக்கம் இருக்கிறது.

தடக் தடக் எங்கே போனது?

ரயில் என்றவுடன் தாத்தா பாட்டி சொல்லும் முதல் சங்கதி அந்தச் சத்தம்தான். இடிஎஸ் ரயிலில் அது அநேகமாகக் கேட்காது. பழைய பாதையில் தண்டவாளங்களைத் துண்டு துண்டாக வைத்து, இரண்டு துண்டுகளுக்கு நடுவில் சிறிது இடைவெளி விட்டிருப்பார்கள். ஒவ்வொரு இடைவெளியையும் சக்கரம் தாண்டும்போது ஒரு தட்டு. வெயிலில் எஃகு நீளும், அதற்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடைவெளி.

எவ்வளவு நீளும்? எஃகு ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீள்கிறது. விடியற்காலையில் 25 பாகையில் இருக்கும் தண்டவாளம் நண்பகல் வெயிலில் 55 பாகையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 30 பாகை. 1 கிலோமீட்டர் நீளத் தண்டவாளம் 36 சென்டிமீட்டர் நீள வேண்டும், அதாவது 30 சென்டிமீட்டர் அடிகோலைவிட அதிகம். இப்போது தண்டவாளங்களை இடைவெளியே இல்லாமல் கிலோமீட்டர் கணக்கில் பற்றவைத்துவிடுகிறார்கள். அப்படியானால் அந்த 36 சென்டிமீட்டர் எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. கனமான கான்கிரீட் குறுக்குக்கட்டைகளும், எஃகுக் கவ்விகளும், கருங்கல் ஜல்லியும் தண்டவாளத்தை நீளவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. நீள முடியாத எஃகு உள்ளுக்குள் அழுத்தத்தைச் சுமந்துகொண்டு கிடக்கிறது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குவித்து வைத்திருக்கும் ஜல்லி அழகுக்கு அல்ல. அது சரிந்து போனால் கொதிக்கும் வெயிலில் பாதை பாம்புபோல் நெளிந்துவிடும். கடும் வெயில் நாட்களில் சில நாடுகளில் ரயிலின் வேகத்தைக் குறைப்பதும் இதனால்தான்.

இரண்டு காகிதக் குவளை

காரின் சக்கரங்கள் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவான தூரம். அதற்காகவே காரில் தனி பற்சக்கர அமைப்பு ஒன்று உண்டு. ரயிலில் அது கிடையாது. இரண்டு சக்கரங்களும் ஒரே கனத்த அச்சில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். திருப்புவதற்கு ஸ்டியரிங்கும் இல்லை. பிறகு எப்படி ரயில் வளைகிறது?

பெரும்பாலோர் சொல்லும் பதில், சக்கரத்தின் உள்விளிம்பில் இருக்கும் தடுப்பு தண்டவாளத்தை உரசித் திருப்புகிறது என்பது. அது கடைசிப் பாதுகாப்பு மட்டுமே. உண்மையான வேலையைச் செய்வது சக்கரத்தின் சரிவு. ரயில் சக்கரம் உருளை அல்ல, மிக லேசான கூம்பு; உள்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு காகிதக் குவளைகளை எடுத்து, வாயோடு வாய் வைத்து நாடாவால் ஒட்டுங்கள். நடுவில் பருத்து, இரு ஓரமும் சிறுத்த ஓர் அச்சு கிடைக்கும். இரண்டு நீள அடிகோல்களை இணையாக, சற்றே சரிவாக வைத்து அதன்மேல் உருட்டிவிடுங்கள். கொஞ்சம் கோணலாக வைத்தாலும் அது தானாகவே நடுவுக்கு வந்து ஓடும். இப்போது குவளைகளைப் பிரித்து, அடிப்பாகத்தோடு அடிப்பாகம் ஒட்டி அதையே செய்யுங்கள். சிறிது தூரத்தில் கவிழ்ந்துவிடும்.

காரணம் எளிது. அச்சு இடப்பக்கம் நகர்ந்தால் இடது தண்டவாளத்தின் மேல் குவளையின் பருத்த பகுதியும், வலது தண்டவாளத்தின் மேல் சிறுத்த பகுதியும் வருகின்றன. ஒரே சுற்றில் இடப்பக்கம் அதிக தூரம் ஓடுகிறது. அச்சு வலப்பக்கம் திரும்பி நடுவுக்கு வருகிறது. வளைவிலும் இதே கதைதான். வெளிப்பக்கம் நகரும் சக்கரம் தன் பெரிய வட்டத்தில் ஓடி, அதிக தூரத்தைச் சமாளித்துக்கொள்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நடுவுக்கு வரும் அச்சு நடுவிலேயே நின்றுவிடாது, சற்றுத் தாண்டி மறுபக்கம் போகும், மீண்டும் திரும்பும். வேகம் கூடக் கூட இந்த ஆட்டம் வலுக்கும். இடிஎஸ் ரயில் முழு வேகத்தில் போகும்போது கையிலிருக்கும் தேநீர் பக்கவாட்டில் லேசாக அலைவதைக் கவனித்தால், ரயில்பாதைப் பொறியாளர்கள் இரவெல்லாம் யோசிக்கும் பிரச்சினையின் சின்ன வடிவத்தைப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

1885இல் எடுத்த முடிவு

இடிஎஸ் அதிகபட்சம் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஜப்பானிலும் சீனாவிலும் 300 கிலோமீட்டரில் ஓடும்போது நம்முடையது ஏன் இவ்வளவுதான் என்று கேட்பவர்கள் உண்டு. விடை சக்கரங்களுக்குக் கீழே இருக்கிறது. நம் பாதையின் அகலம், அதாவது இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரம், சரியாக 1 மீட்டர். உலகில் அதிகம் புழங்கும் அகலம் 1,435 மில்லிமீட்டர்.

மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியது. இன்று அந்தத் துறைமுகத்தின் பெயர் கோல செப்பெத்தாங். ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தூரம். ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டு போவதுதான் நோக்கம். அடுத்த ஆண்டே கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையில் இருக்கும் புக்கிட் கூடா வரை பாதை வந்தது. இரண்டும் மீட்டர் பாதைகள். அகலம் குறைந்தால் மண் வெட்டும் வேலை குறையும், பாலம் சிறிதாகும், வளைவுகளை இறுக்கமாகப் போடலாம், செலவு மிச்சம். ஈய மூட்டைக்கு அவசரம் எதுவும் இல்லை அல்லவா?

அந்தப் பாதைகளுக்கு மண் வெட்டியவர்களிலும், ஜல்லி சுமந்தவர்களிலும், பின்னர் தலைமுறை தலைமுறையாகத் தண்டவாளத்தைப் பராமரித்தவர்களிலும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் இருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் தமிழர் வட்டாரமானதற்கே ரயில்வே பணிமனையும் ஊழியர் குடியிருப்புகளும்தான் முக்கியக் காரணம். 2001இல் திறக்கப்பட்ட கேஎல் செண்ட்ரல் அந்தப் பழைய ரயில்வே நிலத்தின் மேல்தான் நிற்கிறது. தமிழகத்தில் அவர்கள் விட்டுவந்த ரயில் பாதைகளிலும் பெரும்பகுதி மீட்டர் அகலந்தான். இந்தியா அவற்றை 1992க்குப் பிறகு வேகவேகமாக அகலப் பாதையாக மாற்றிவிட்டது. ஊட்டிக்குப் போகும் மலை ரயில் மட்டும் இன்னும் மீட்டரில் ஓடுகிறது. நாம் மாற்றவில்லை.

அகலம் ஏன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது? கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்று பாருங்கள். பிறகு அகற்றி வைத்து நில்லுங்கள். வளைவில் எது உங்களைக் காப்பாற்றுகிறது என்று உடனே தெரியும். 140 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 38.9 மீட்டரில், 1 கிலோமீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பும் ரயிலுக்கு மையத்தை நோக்கிய முடுக்கம் ஏறக்குறைய 1.5 மீட்டர்/விநாடி². புவியீர்ப்பு முடுக்கத்தில் இது 15 விழுக்காடு. இதைச் சமாளிக்க வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்திப் பாதையைச் சாய்த்து வைக்கிறார்கள். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் சாய்க்க முடியாது. ரயில் வளைவிலேயே நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் நிலை என்னாவது? மீதியைச் சமாளிப்பது சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலந்தான். முடுக்கம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதையும் மறக்க வேண்டாம். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

குறுகிய பாதையில் வேகமே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. 1,067 மில்லிமீட்டர் அகலப் பாதையில் 1978இல் தென்னாப்பிரிக்கா ஒரு சோதனை ரயிலை 245 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டியது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் அதே அகலத்தில் சாயும் ரயில்கள் 160இல் ஓடுகின்றன. ஆனால் இவை அரிதான எடுத்துக்காட்டுகள். மீட்டர் பாதையில் 140 என்பது உலக அளவில் மிக வேகமான சேவைகளுள் ஒன்று என்பதே சரியான மதிப்பீடு.

பந்திங்வாசிகளுக்கு ஒரு வேடிக்கை. மலேசியாவின் மிக வேகமான ரயில் நமக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. 2002இல் தொடங்கிய கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் 1,435 மில்லிமீட்டர் பாதையில் 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. கேஎல் செண்ட்ரலுக்கும் விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடக்கிறது. பண்டார் தாசேக் செலாத்தான் நிலையத்தில் அந்தப் பாதையும் கேடிஎம் பாதையும் அருகருகே போகின்றன. இரண்டின் அகலத்தையும் அங்கே நின்று கண்ணாலேயே ஒப்பிடலாம்.

கம்பியில் 25,000 வோல்ட்

ரயிலின் கூரையில் மடக்கிய முழங்கை போன்ற ஒன்று மேலே நீண்டு கம்பியைத் தொட்டுக்கொண்டே போகும். கம்பியில் இருப்பது 25 கிலோவோல்ட் மாறுதிசை மின்சாரம். எம்ஆர்டி, எல்ஆர்டி ரயில்கள் தரையோரம் ஓடும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட்டில் மின்சாரம் எடுக்கின்றன. நெடுந்தூர ரயிலுக்கு ஏன் இவ்வளவு உயர் மின்னழுத்தம்?

கணக்குக்காக, ஒரு ரயிலுக்கு 2 மெகாவாட் திறன் வேண்டும் என்று கொள்வோம். 750 வோல்ட்டில் அதைக் கொடுக்க ஏறக்குறைய 2,670 ஆம்பியர் மின்னோட்டம் ஓட வேண்டும். 25,000 வோல்ட்டில் 80 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் 33 மடங்கு குறைந்தால், அதே கம்பியில் இழப்பு ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைகிறது. நகருக்குள் அடிக்கொரு துணைமின் நிலையம் வைத்துச் சமாளிக்கலாம். சிகாமட் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் அப்படி முடியாது. ரயிலுக்குள் இருக்கும் மின்மாற்றி மின்னழுத்தத்தைத் தேவைக்கு இறக்கிக்கொள்கிறது.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஜன்னல் வழியாக மேலே பார்த்தால் கம்பி நேராகப் போகாமல், கம்பத்துக்குக் கம்பம் இடமும் வலமுமாக மாறி மாறிப் போவது தெரியும். கோளாறு அல்ல, வேண்டுமென்றே அப்படிக் கட்டியது. நேராகப் போனால் கூரைக் கரத்தின் மேலிருக்கும் கரிப்பட்டை ஒரே இடத்தில் தேய்ந்து பள்ளமாகிவிடும். அடுத்து, சில இடங்களில் குளிர்சாதனத்தின் இரைச்சல் ஒரு கணம் நின்று மீண்டும் வரும். ஒரு துணைமின் நிலையத்தின் எல்லை முடிந்து அடுத்ததன் எல்லை தொடங்கும் இடத்தில் மின்சாரமே இல்லாத சிறு துண்டு ஒன்று உண்டு. அதை ரயில் தன் உந்தத்திலேயே கடக்கிறது.

மாணவர்களே, இந்த 25,000 வோல்ட்டைத் தொட வேண்டியதில்லை. இவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் காற்றைக் கிழித்துக்கொண்டு பாயும்; கைக்கெட்டும் தூரத்துக்கு நெருங்கினாலே உயிருக்கு ஆபத்து. நிறுத்தி வைத்திருக்கும் சரக்கு வண்டியின் மேல் ஏறிப் படம் எடுப்பது, மேம்பாலத்திலிருந்து கம்பையோ தூண்டிலையோ நீட்டுவது, பாதையருகே ஈரமான நூலோடு பட்டம் விடுவது எல்லாம் உலகெங்கும் இளையோரைப் பலி வாங்கிய செயல்கள். ரயிலுக்கு உள்ளே இருப்பவருக்கு அச்சமில்லை. உலோகப் பெட்டி சக்கரம் வழியாகத் தரையோடு இணைந்திருக்கிறது.

இதோடு சேர்ந்தது இன்னொரு கணக்கு. எஃகின் மேல் எஃகு உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ரப்பர் டயர் தார்ச்சாலையில் உருளும்போது ஏற்படும் தடையில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ரயில் சிக்கனமாக ஓடக் காரணம் இதுவே. ஆபத்தும் இதுவே. பிடிப்பு குறைவு என்பதால் சட்டென்று நிற்காது. விநாடிக்கு 0.8 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று எடுத்துக்கொண்டால், 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் நிற்க ஏறக்குறைய 945 மீட்டர் தேவை. ஓட்டுநர் உங்களைப் பார்க்கும் தூரத்தைவிட அது பெரும்பாலும் அதிகம். மின்சார ரயில் டீசல் ரயிலைப் போல இரைந்துகொண்டும் வராது. தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து பழகிய ஊர்களில் புதிய பாதைக்கு இருபுறமும் வேலி போட்டிருப்பதும், சாலைகளை மேம்பாலமாகவும் கீழ்ப்பாலமாகவும் மாற்றியிருப்பதும் இதனால்தான். வேலியில் ஓட்டை போட்டுக் குறுக்குவழி தேடுபவர் அந்த 945 மீட்டரை நினைத்துப் பார்ப்பதில்லை.

நிறுத்தும்போது அந்த இயக்க ஆற்றல் என்னாகிறது? 250 டன் எடையுள்ள ரயில் 140 கிலோமீட்டரில் போனால் அதனிடம் ஏறக்குறைய 190 மெகாஜூல் இருக்கிறது. வீட்டு மின்கட்டண மொழியில் சொன்னால் 52 கிலோவாட் மணி. 1 கிலோவாட் குளிர்சாதனத்தை இரண்டு நாளுக்கு மேல் ஓட்டலாம். நவீன மின்சார ரயில்களில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, இதில் ஒரு பகுதியைக் கம்பிக்கே திருப்பிக் கொடுக்கும். டீசல் ரயிலில் அத்தனையும் சூடாகக் காற்றில் கலக்கும்.

140இல் ஓடியும் ஏன் நாலு மணி நேரம்?

கேஎல் செண்ட்ரலிலிருந்து ஜோகூர் பாரு ரயில் வழியில் 370 கிலோமீட்டர் அளவில் வரும். 140ஆல் வகுத்தால் 2 மணி 40 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டுமே? சராசரி வேகம் ஏறக்குறைய 85தான் வருகிறது. ஒரு நிலையத்தில் நிற்பதன் விலையைப் பார்ப்போம். சொகுசாக, விநாடிக்கு 0.5 மீட்டர் வீதம் வேகம் குறைந்து, அதே வீதத்தில் மீண்டும் ஏறினால் இரண்டுக்குமாக 156 விநாடி. நிற்காமல் போயிருந்தால் அதே தூரத்துக்கு 78 விநாடி போதும். நிலையத்தில் நிற்பது 2 நிமிடம். மொத்த நட்டம் மூன்றே கால் நிமிடத்துக்கும் சற்று அதிகம். பத்து நிலையத்தில் நின்றால் அரை மணி நேரம் போயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சிரம்பான் வரையிலும் கொமுட்டர் ரயில்களோடு பாதையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பழைய வளைவுகளிலும் வேகத்தைக் குறைக்க வேண்டும். என் கணிப்பில், அதிகபட்ச வேகத்தை 160 ஆக்குவதைவிட இந்தச் சில்லறைத் தாமதங்களைக் குறைப்பதுதான் பயணிக்கு அதிகம் உதவும்.

கெமாஸுக்கும் ஜோகூர் பாருவுக்கும் இடையே 192 கிலோமீட்டருக்கு இரட்டைப் பாதை போட்டதில் மின்கம்பியைவிடப் பெரிய லாபம் அந்த இரண்டாவது பாதைதான். ஒற்றைப் பாதையில் எதிர் ரயில் வரும்வரை நிலையத்தில் காத்துக் கிடக்க வேண்டும். ஒன்று தாமதமானால் எல்லாம் தாமதம்.

தாமதம் இப்போதும் உண்டு. மின்கம்பிகளையும் சமிக்ஞைக் கம்பிகளையும் செம்புக்காகத் திருடுபவர்கள் கொமுட்டர் பயணிகளுக்குப் பழகிப்போன தலைவலி. சமிக்ஞை செயலிழந்தால் ரயில்கள் ஊர்ந்துதான் போக வேண்டும். வெள்ளமும் இருக்கிறது, 2014 டிசம்பர் பெருவெள்ளத்தில் கிளந்தானின் கெமுபு ரயில் பாலமே அடித்துச் செல்லப்பட்டது. கெமாஸிலிருந்து தும்பாட் வரை போகும் அந்தக் கிழக்குக்கரைப் பாதை இன்னும் ஒற்றைப் பாதை, டீசல் ரயில்தான். காட்டுக்கு நடுவே போகும் அந்தப் பயணத்தின் அழகே வேறு.

உள்ளே

இருக்கையில் பாதி ரயில் போகும் திசையை நோக்கியும் பாதி எதிர்த்திசையை நோக்கியும் இருக்கும். பின்னோக்கி உட்கார்ந்தால் சிலருக்குத் தலைசுற்றும். உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு ஒரு செய்தி சொல்ல, கைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் வேறு செய்தி சொல்ல, மூளை குழம்புகிறது. தூரத்து மலையைப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

குளிர் தாங்காது. சட்டையின் மேல் போட ஒரு கனமான ஆடை அவசியம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். 300 பேர் நிறைந்த ரயிலில் அதுவே 30 கிலோவாட். வெயிலையும் சேர்த்து நிறைந்த ரயிலுக்குத் திட்டமிட்ட குளிர்சாதனம், ஆள் குறைந்த ரயிலில் உங்களை நடுங்க வைக்கும்.

வடக்கே போனால் தைப்பிங் பக்கம் புக்கிட் பெராப்பிட் சுரங்கம் வரும். 3.3 கிலோமீட்டர் நீளம். 140 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் நுழையும்போது முன்னால் இருக்கும் காற்று ஒதுங்க வழியின்றி அமுங்குகிறது. காது அடைத்தாற்போல் இருக்கலாம். எச்சில் விழுங்கினால் தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடைப்பட்ட குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். சுரங்கம் தாண்டி இன்னும் கொஞ்ச தூரத்தில் ரயில் புக்கிட் மேரா ஏரியின் மேல் பாலத்தில் ஓடும். இரு பக்கமும் தண்ணீர். தூங்கிவிடாதீர்கள்.

டிக்கெட்டைக் கேடிஎம் செயலியிலேயே எடுக்கலாம். தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் என்றால் விற்பனை தொடங்கியவுடன் தீர்ந்துவிடும். கடைசி நேரத்தில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ரயில் புறப்படுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே வாயிலை மூடிவிடுகிறார்கள் என்பதால், கிள்ளானிலிருந்து கொமுட்டரில் வருபவர்கள் ஒரு ரயில் முன்னதாகவே கிளம்புவது நல்லது.

மீட்டர் பாதையால் நமக்கு ஒரு வசதியும் உண்டு. தாய்லாந்தின் பாதையும் அதே 1 மீட்டர். அதனால் பாடாங் பெசாரில் தண்டவாளம் மாறாமலேயே எல்லையைத் தாண்டிப் போகிறது. கோம்பாக்கிலிருந்து கோத்தா பாருவுக்குக் கட்டப்பட்டுவரும் கிழக்குக்கரை ரயில் பாதையோ 1,435 மில்லிமீட்டர். அதன் ரயில்கள் கேடிஎம் தண்டவாளத்தில் ஒருநாளும் ஓட முடியாது. பயணிகள்தான் இறங்கி மாற வேண்டும். பாடாங் பெசாரில் மலேசிய, தாய்லாந்துக் குடிநுழைவுச் சோதனைகள் இரண்டும் நிலையத்துக்குள்ளேயே நடக்கின்றன. கடப்பிதழ் இருந்தால் ஹாட்யாய் போகலாம். இல்லாதவர்கள் திரும்பும் கடைசி இடிஎஸ் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.